விளையாட்டாய் வந்த தலைவர்

யாராவது என்னைத் 'தலைவரே' என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. கூப்பிடுகிறவர் மேல் ஒரு தப்பும் இல்லை. "தலைவரே, வண்டியைக் கொஞ்சம் முன்னாடி எடுங்க" என்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர் சொல்கிறார். பெயர் தெரியாத ஆளைக் கூப்பிட நம் பக்கத்தில் அதைவிடத் தோதான சொல் கிடையாது. டீக்கடையில் கிளாஸை நீட்டுகிறவர் தலைவர், பஸ்ஸில் தள்ளி உட்காரச் சொல்லப்படுகிறவர் தலைவர், பஞ்சர் ஒட்டித் தருகிறவரும் தலைவர். சொல்கிறவருக்கும் அதில் ஒன்றும் இல்லை, கேட்கிறவருக்கும் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் மட்டும் ஒருவர் அதை நம்பிவிட்டார்.

நான் பூம்பாறைக்காரன். பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். ஊர்க்காரர்களின் பூண்டையும் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு இருட்டோடு மலையிறங்கி, மார்க்கெட்டில் சரக்கைப் போட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் திரும்ப ஏறி வருவேன். இந்தத் தொழிலில் வண்டி ஓட்டுவதுகூடப் பெரிய கஷ்டம் இல்லை. நாள் முழுக்க யாராவது ஒருவர் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அதுதான் கஷ்டம். செக்போஸ்ட்டில் ஓரமாக நிறுத்தச் சொல்வார்கள். மண்டியில் வண்டியைத் திருப்பிப் போடச் சொல்வார்கள். சரக்குக்காரர் போனில் வெரசாகப் போகச் சொல்வார். கொடைக்கானலுக்கு வருகிற கார்க்காரர்கள் கொண்டை ஊசி வளைவில் ஹாரனை அழுத்திக்கொண்டு, நான் மலையை விட்டு இறங்கி நின்றால் தேவலை என்பது போலப் பார்ப்பார்கள். சாயங்காலம் ஊருக்குள் வந்து வண்டியை நிறுத்தும்போது கை இரண்டும் ஸ்டியரிங்கைப் பிடித்த வாக்கில் மடங்கியே இருக்கும். அந்தக் கை விரிவது வாலிபால் ஆடும்போதுதான்.

எங்கள் ஊர் மலைச்சரிவில் இருக்கிறது. வயல்கள் படிப்படியாக இறங்கிப் போகும். அதில் ஒரு படி வெகுநாளாக விவசாயம் இல்லாமல் கிடந்தது. அங்கேதான் இரண்டு சவுக்குக் கம்பை நட்டு வலை கட்டினோம். ஒரு பக்கம் மேல் படியின் மண்சுவர். மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. பந்து அந்தப் பக்கம் போனால் கீழ்ப் படியில் விழும், இல்லையென்றால் அதற்கும் கீழ்ப் படியில். இறங்கி ஏறக் கல் பதித்த ஒற்றைத் தடம் ஒன்று உண்டு. மழை நாளில் அது வழுக்கும்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அடித்தவர்தான் இறங்கி எடுக்க வேண்டும். எந்த அணி, எவ்வளவு வயது, எவ்வளவு வேகமாக அடித்தார் என்பதெல்லாம் பேச்சே இல்லை. கீழே பூண்டு நட்டிருப்பார்கள். நாலு பேர் இறங்கித் தேடினால் பாத்தி வீணாகும். ஒருவர் மட்டும் வரப்போடு போய் எடுத்து வருவார். அவர் ஏறி வரும் வரை மேலே நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். எந்த வீட்டில் என்ன, பூண்டு என்ன விலை, யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அந்த இடைவெளியில்தான் தெரியவரும்.

இந்த வழக்கத்தால் எங்கள் ஆட்டமே வேறு மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிக்க ஒருவருக்கும் மனம் வராது. அடித்தால் நாம்தானே இறங்க வேண்டும்! அதனால் பந்து வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெகுநேரம் போய் வந்துகொண்டிருக்கும். மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இவ்வளவு மரியாதையா ஆடுறீங்க" என்றார். அவர் கிண்டல்தான் செய்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் ஒரு அண்ணன். வலையோரம் நின்று மற்றவர்கள் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், லிஃப்ட் போடுவது என்போம். வயது ஐம்பதைத் தாண்டியவர். மைதானத்துக்கு இரண்டு படி கீழே இருந்த பூண்டு வயல் அவருடையதுதான். கேரட் மூட்டையோடு வரப்பில் வழுக்கி விழுந்து அவருக்கு வலது முட்டி போய்விட்டது. அதற்குப் பிறகு அவரால் குதிக்க முடியாது. தூக்கிக் கொடுப்பதற்குக் குதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நின்ற இடத்தில் நின்று, பத்து விரலாலும் பந்தை வாங்கி, மேலே விடுவார். அது போய் அங்கே ஒரு நிமிஷம் நின்று, 'வா, வந்து அடி' என்று நம்மைக் கூப்பிடும். நான் அடித்த நல்ல அடி எல்லாமே அவர் கொடுத்ததுதான்.

முட்டி போன பிறகு வீட்டில் எல்லோரும் அவரை 'நீங்க உக்காருங்க' என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். மூட்டை தூக்கப் போனால் உக்காருங்க, மருந்து அடிக்கப் போனால் உக்காருங்க. மகன் திருப்பூரிலிருந்து போன் போட்டு அதையே சொல்வான். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துப்போனது. ஒருநாள் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கொடைக்கானல் வரை வந்தபோது சொன்னார்: "கிரவுண்டுக்கு வந்தா மட்டும்தாம்ப்பா என்னைய யாரும் உக்காரச் சொல்றதில்ல." அந்த மைதானத்தை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இனித் தலைவர் கதைக்கு வருகிறேன்.

அவர் அந்த அண்ணனின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. அண்ணனுக்கு அவர் மாப்ளே, அவருக்கு அண்ணன் மாமா. ஊர் எல்லையில் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட ஒரு காட்டேஜ் கட்டியிருந்தார். வந்த ஆட்களுக்கு வெந்நீர் வைத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு வருவதற்குள் எப்போதும் நேரமாகிவிடும். நாங்கள் பாதி ஆட்டத்தில் இருக்கும்போது மேலே தடத்தில் தலை தெரியும். உடனே யாராவது, "வாங்க தலைவரே! உங்களுக்காகத்தான் காத்துக் கெடக்கோம்" என்று கத்துவார்கள். தாமதமாக வருகிற ஆளைச் சீண்டுகிற பேச்சு. அவரும் கையைக் கூப்பியபடி மேடையேறுகிற மாதிரி நடந்து வருவார். சிரிப்பாக இருக்கும். நாளாக நாளாக அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அண்ணன் மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டார். அவருக்கு அவர் மாப்ளேதான்.

ஊர்த் திருவிழாவுக்குப் பக்கத்து ஊர் அணிகளைக் கூப்பிட்டு ஒரு போட்டி வைப்பது என்று முடிவானது. போட்டி என்றால் பேனர் வேண்டுமே. எங்களில் ஒருவர் கொடைக்கானலில் ஒரு கடையில் சொல்லிவிட்டு, எல்லோர் போட்டோவையும் அனுப்பினார். காட்டேஜ்காரர் போட்டோ மட்டும் வரவில்லை. கடையில் நின்றுகொண்டே அவருக்குப் போன் போட்டு, "தலைவரே, உங்க போட்டோ ஒண்ணுதான் பாக்கி. நல்லதா ஒண்ணு அனுப்புங்க தலைவரே" என்று கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் காதில் அது விழுந்திருக்கிறது. அவர் மேல் என்ன தப்பு? தலைவர் என்றால் தலைவர்.

பேனரை என் வண்டியில்தான் கொண்டுவந்தேன். மைதானத்தில் பிரித்துப் பார்த்தால், நடுவில் ஆளுயரத்துக்கு அவர் நிற்கிறார். கறுப்புக் கண்ணாடி, பின்னால் அருவி. கீழே கொட்டை எழுத்தில் 'தலைவர்'. நாங்கள் எல்லாம் அடியில் தபால்தலை அளவுக்கு வரிசையாக இருந்தோம். அண்ணன் முகத்தில் பாதி, பேனரைக் கட்டுகிற ஓட்டைக்குள் போயிருந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது. காட்டேஜ்காரர் சிரிக்கவில்லை. தள்ளி நின்று, கொஞ்சம் தலையைச் சாய்த்து, பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே நான் கவனித்திருக்கலாம். கவனித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க மாட்டேன், சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

போட்டி முடிந்தும் பேனர் இறங்கவில்லை. மழையிலும் பனியிலும் எங்கள் முகங்கள் வெளுத்துப்போயின, அவர் முகம் பெரிது என்பதால் தாக்குப்பிடித்தது. கொஞ்ச நாளில் அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. பிறகு வெள்ளை ஷூ வந்தது. பிறகு போனில் ஒரு குரூப் வந்தது. காலையில் நான் பெருமாள்மலை வளைவில் லோடோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது அவர் குரல் வரும்: "இன்னைக்கு வராதவங்க காரணத்தைக் குரூப்புல போட்டுருங்க." வாலிபால் ஆட வராததற்குக் காரணமா? எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் எழுதிப் போட்டேன். எல்லோரும் போட்டார்கள். 'ஓகே தலைவரே' என்று ஒருவர் கிண்டலாகப் போட்டார், அதற்கு அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கிண்டலெல்லாம் அவர் காதில் மரியாதையாகப் போய் விழுந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இதில் பெரிய அலுப்பு. கெட்டவராக இருந்தால் ஒருநாள் சண்டை போட்டு முடித்திருக்கலாம். புது வலை வாங்கினோம் என்றால் அவர் அலைந்துதான் வாங்கினோம். ரோடு வேலைக்கு வந்த ஜேசிபிக்காரரிடம் பேசி மைதானத்து மேட்டைச் சமப்படுத்தியதும் அவர்தான். எங்களில் யாருக்காவது ஆஸ்பத்திரி என்றால் முதலில் வந்து நிற்பார். ஆனால் மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டால் அவருக்குள் அந்தப் பேனர் ஏறிவிடும். ஆட்டத்துக்கு முன்னால் எங்களை வரிசையில் நிறுத்திப் பேசத் தொடங்கினார். 'நம்ம கிளப்பை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போகணும்' என்பார். அடுத்த கட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். நாள் முழுக்கப் பேச்சு வாங்கிக்கொண்டு, பேச்சே இல்லாத இடம் என்று வந்தால், அங்கேயும் ஒருவர் நின்று பேசுகிறார். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும். மலைக்கு அந்தப் பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருக்கும். அவர் பேசிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் எல்லோர் முன்னாலும் அண்ணனிடம், "மாமா, வீட்டுல எப்படி வேணாக் கூப்பிடுங்க. கிரவுண்டுல மட்டும் மாப்ளேன்னு கூப்பிடாதீங்க, ஒரு இது இல்லாமப் போகுதுல்ல. எல்லாரும் கூப்பிடுற மாதிரியே கூப்பிடுங்க" என்றார்.

அண்ணன் வெற்றிலைக் காவி தெரியச் சிரித்துவிட்டு, "சரி மாப்ளே" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். தலைவருக்கு மூஞ்சி தொங்கிப்போனது.

அதற்குப் பிறகுதான் காட்டேஜுக்கு வருகிறவர்களை மைதானத்துக்கு அழைத்துவரும் பழக்கம் தொடங்கியது. அவர்களுக்கு மலையில் வாலிபால் ஆடுவது போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். அப்படி ஒரு சனிக்கிழமை நாலைந்து பேர் வந்தார்கள். தலைவர் எங்களைப் பார்த்தார். யாரை வெளியே நிறுத்துவது என்று யோசிப்பது தெரிந்தது. "மாமா, நீங்க கொஞ்சம் உக்காருங்க. கெஸ்ட் ஆடட்டும்" என்றார்.

அண்ணன் போய் மண்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வந்தவர்கள் ரெண்டு பந்து அடிப்பதற்குள் மூச்சு வாங்கி இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்கள். கீழ்நாட்டு நெஞ்சுக்கு எங்கள் ஊர்க் காற்று பத்தாது. அவர்கள் போன பிறகாவது அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம். தலைவர் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் 'உக்காருங்க மாமா' என்றார். அடுத்த திருவிழாவுக்கு அணி எடுத்தபோது அண்ணன் பெயர் இல்லை. கேட்டதற்கு, "முட்டியை வெச்சுக்கிட்டு எப்படிங்க ஆடுவாரு? அவரு நல்லதுக்குத்தான சொல்றேன்" என்றார். தூக்கிக் கொடுக்கிற வேலைக்கு நல்ல உயரமான ஒருவரைப் போட்டார். அவர் பந்தை வாங்கி மேலே எறிவார், அது தன் இஷ்டத்துக்குப் போகும்.

அண்ணன் அப்போதும் தினமும் வந்தார். உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார். அதையும் தலைவரால் சும்மா விட முடியவில்லை. பந்து கீழே போய் வருவதற்குள் நேரம் வீணாகிறது என்று புது ரூல் ஒன்று கொண்டுவந்தார். அடித்தவர் இறங்க வேண்டாம், வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் எடுத்துப் போடட்டும். வெளியே எப்போதும் உட்கார்ந்திருப்பது ஒரே ஒருவர்தான் என்பது அந்த ரூலைச் சொல்லும்போது அவருக்குத் தோன்றவேயில்லை என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். தோன்றியிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அவ்வளவு தூரம் அவர் எங்களைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

எங்கள் ஆட்டம் ஒரே வாரத்தில் கெட்டது. இறங்க வேண்டாம் என்றதும் எல்லோருக்கும் கை நீண்டுவிட்டது. எல்லாப் பந்தையும் ஓங்கி அடித்தார்கள். பந்து முன்பைவிட அதிகமாகக் கீழே போனது. அண்ணன் ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கல்லில் ஊன்றி, பக்கவாட்டில் இறங்குவார். நானும் இன்னும் ரெண்டு பேரும் ரூலைப் பார்க்காமல் நாங்களே இறங்கப் போனால் விசில் அடிக்கும். "ஏங்க, பொசிஷனை விட்டுப் போகாதீங்க!" அண்ணன் கீழேயிருந்து, "நீங்க ஆடுங்கப்பா" என்பார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பொறுக்க மாட்டாமல் ஒரு மழை நாளில் நான் காட்டேஜுக்கே போய்ப் பேசினேன். துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். அண்ணனை மறுபடி ஆட்டத்தில் சேர்க்க வேண்டும், பழைய வழக்கப்படியே அடித்தவர் இறங்க வேண்டும் என்று சொன்னேன். மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நானா தலைவராகணும்னு கேட்டேன்? நீங்கதான கூப்பிட்டீங்க? கூப்பிட்டுட்டு, ஒரு முடிவு எடுத்தா அது சரியில்ல, இது சரியில்லங்குறீங்க. பொறுப்புன்னு வந்துட்டா மாமா மச்சான்னு பாக்க முடியுமா?"

"அதெல்லாம் சரி தலைவரே, ஆனா..." என்று தொடங்கினேன். அந்தச் சொல் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. டீயைக் குடித்துவிட்டு மழையோடு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் யோசித்தேன். 'இனிமேல் உங்களைத் தலைவரே என்று கூப்பிட மாட்டோம்' என்று ஒரு ஆளிடம் எப்படிச் சொல்வது? இது பதவியாக இருந்தால் ஓட்டுப் போட்டு இறக்கலாம். நாங்கள் வைத்தது பட்டப்பெயர். பட்டப்பெயரை எடுக்க ஊரில் வழியே கிடையாது.

பிறகு ஒருநாள் பந்து கீழே போனது. அண்ணன் இறங்கினார். பந்து மேலே வந்தது, அவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அவர் வயலில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து மைதானத்துக்கு வரவில்லை. ஆட்ட நேரத்துக்கு வயலில் இருந்தார். பந்து விழுந்தால் நிமிர்ந்து, எடுத்து, மேலே வீசிவிட்டு மறுபடி குனிவார். மேலே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்ப்பதில்லை.

தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. மாமா கீழயே நிக்கிறதால டைம் மிச்சம்" என்றார். நான் சர்வீஸ் போட்டேன். எனக்கு அலுத்துப்போயிருந்தது. எங்களில் அலுக்காதவர் அவர் ஒருவர்தான்.

ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு வீட்டில் சோலி, ஒருவருக்குத் தடுமம், ஒருவர் கேரட் கழுவப் போய்விட்டார். காரணங்கள் குரூப்பில் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒரு சாயங்காலம் அவரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர்தான். அன்றைக்குப் பந்து எப்படியோ அவருக்குத் தோதாக அமைந்தது. ஓடி வந்து, எழும்பி, முழு பலத்தோடு அடித்தார். நல்ல அடி. கோட்டைத் தாண்டி, விளிம்பைத் தாண்டி, முதல் படியில் ஒரு குத்துக் குத்தி, அண்ணனின் பூண்டுப் பாத்திக்குள் போய் விழுந்தது.

காத்திருந்தோம். பந்து வரவில்லை.

விளிம்பில் போய் நின்று பார்த்தோம். அண்ணன் பந்தை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, ஒடிந்த பூண்டுத் தாளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். தலைவர் விசில் அடித்தார். அண்ணன் நிமிரவில்லை. எங்களில் ஒருவர், "அண்ணே, பந்து!" என்று கத்தினார்.

"கெடக்கு. அடிச்சவரு வந்து எடுத்துக்கிறட்டும்" என்று கீழேயிருந்து பதில் வந்தது. சாதாரணமாகத்தான் சொன்னார், பழைய நாளில் எங்களில் யாரிடமும் சொல்வது போல.

நாங்கள் நாலு பேரும் தலைவரைப் பார்த்தோம். ஒருவரும் 'நான் போறேன்' என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் எங்களைப் பார்த்தார், தன் வெள்ளை ஷூவைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார். அந்தத் தடத்தில் அவர் இறங்கி எவ்வளவோ காலமாகியிருந்தது. விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். முதல் கல்லிலேயே வழுக்கி உட்கார்ந்து எழுந்தார். யாரும் சிரிக்கவில்லை.

கீழே போய் வரப்பில் நின்றார். ஏதோ சொன்னார். மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. மேலே எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கை மேலே மைதானத்தைக் காட்டியது, கூப்பிடுகிறார் என்று புரிந்தது. வந்துவிடுவார், அண்ணன் வந்துவிடுவார் என்று நான் உண்மையிலேயே நம்பினேன். அண்ணன் குனிந்து பந்தை எடுத்தார். மேல்துண்டால் மண்ணைத் துடைத்தார். இரண்டு கையாலும் பிடித்து, கோயிலில் பரிவட்டம் கட்டியவரிடம் தேங்காயை நீட்டுவது போல நீட்டினார். தலைவர் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். அண்ணன் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் பாத்தியில் குனிந்தார்.

தலைவர் ஏறி வர நேரமானது. ஷூவெல்லாம் செம்மண். மூச்சு வாங்கியது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விளிம்பிலேயே நின்றார்.

"வர்றாருங்களா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினார்.

"நாளைலருந்து நீங்கதான் லிஃப்ட் போடணும், வாங்க மாமான்னேன்" என்றார். "'நீங்க ஆடுங்க தலைவரே, எனக்கு வேலை கெடக்கு'ன்னுட்டாரு." எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "என்னையத் தலைவரேன்னு கூப்பிட்டுட்டாருங்க."

கண் கலங்கியிருந்தது. இல்லை, ஏறி வந்த மூச்சிரைப்பாகவும் இருக்கலாம். பந்தை என்னிடம் நீட்டினார். அவர் விசில் இன்னும் என் கையில்தான் இருந்தது. தள்ளி நின்ற மற்றவர்கள் முகம் மேகத்தில் சரியாகத் தெரியவில்லை. வாங்க, போவோம், இருட்டிக்கொண்டு வருகிறது என்று அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.